டோல்: சுங்கம் வாங்காத ஒரு சொல்

ஆங்கில அகராதியில் ‘டோல்’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பது சாலைச் சுங்கம். அதற்கு அடுத்து மணியோசை. இன்னும் கீழே போனால், ‘வட்டார வழக்கு’ என்றோ ‘அருகிய வழக்கு’ என்றோ ஒரு குறியோடு, ‘ஆசை காட்டி வரவழை’ என்று ஒரே ஒரு வரி இருக்கும். அந்த வரிவரை யாரும் போவதில்லை. அதனால்தான் ‘டக் டோலிங் ரிட்ரீவர்’ என்ற நாயின் பெயரைப் பார்த்ததும் வாத்துக்கும் சுங்கச்சாவடிக்கும் என்ன சம்பந்தம் என்ற குழப்பம் வருகிறது. பழைய மீன்பிடிக் குறிப்புகளில் வரும் ‘டோல் பெய்ட்’ ‘சுங்க இரை’ ஆகிவிடுகிறது.

எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சுங்கம், மணி இரண்டையும் கடைசியில் இரண்டு ‘எல்’ போட்டு எழுதுவார்கள். ஆசை காட்டும் டோலை அப்படியும் எழுதலாம், ஒரு ‘எல்’லும் ஒரு ‘இ’யும் போட்டும் எழுதலாம். இந்த இரண்டாவது வடிவம் அமெரிக்க எழுத்துகளில் அதிகம். உச்சரிப்பில் வேறுபாடு இல்லை. காதால் பிரிக்க முடியாத சொல்லை இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

வேர் எங்கே என்று பார்த்தால், இடைக்கால ஆங்கிலத்தில் ‘டொல்லென்’ என்றொரு வினை. இழு, கவர், ஆசை காட்டி வரவழை என்ற மூன்று பொருளும் அதற்கு உண்டு. அதற்கும் முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘ஃபோர்டில்லன்’ என்றால் மயக்கி வழிதவறச் செய்வது. கையால் இழுப்பதும் மனத்தை இழுப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்குவது தமிழனுக்குப் புதிதல்ல. ‘ஈர்’ என்றால் இழு. ‘ஈர்ப்பு’ என்றதும் காந்தத்தோடு காதலும் சேர்ந்து நினைவுக்கு வரும். ‘கவர்’ என்றால் பறித்துக்கொள். அதிலிருந்து வந்த கவர்ச்சியில் பறிகொடுக்கிறவர் விரும்பியே பறிகொடுக்கிறார்.

ஆசை காட்டுவதற்கு ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு படம் ஒளிந்திருக்கிறது. ‘லூர்’ வல்லூறு வளர்ப்பவர்களிடமிருந்து வந்தது: பறந்துபோன பறவையைக் கைக்குத் திரும்ப வரவழைக்கச் சுழற்றிக் காட்டும் இறகுக் கொத்து. ‘பெய்ட்’ நார்ஸ் மொழியில் ‘கடிக்கச் செய்’ என்பதிலிருந்து வந்தது. ‘என்டைஸ்’ என்பதற்குள் லத்தீனின் கொள்ளிக்கட்டை இருக்கிறது. நெருப்பை மூட்டுவதுதான் அதன் பழைய பொருள். ‘இன்வீகல்’ பிரெஞ்சில் கண்ணைக் குருடாக்குவதைச் சொல்லும் சொல்லின் வழியில் வந்தது. நம்முடைய தூண்டிலில் இருப்பது தூண்டுதல். இவற்றுக்கு நடுவே டோலுக்கு என்று ஒரு தனிக்குணம் உண்டு. அதில் கொக்கி இல்லை, நெருப்பு இல்லை, கண்கட்டும் இல்லை. வரவேண்டியது தன் காலால், கொஞ்சம் கொஞ்சமாக, தானே நெருங்கி வருகிறது. இந்தச் சொல் உயிரோடு இருக்கும் இடம் ஒவ்வொன்றிலும் அந்தக் ‘கொஞ்சம் கொஞ்சமாக’ இருக்கும்.

எளிமையான உதாரணம் பன்றி. அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சில், பன்றியைத் தொழுவத்துக்கு ‘டோல்’ செய்வது என்றால் பின்னாலிருந்து விரட்டாமல் முன்னால் மக்காச்சோளம் போட்டுக்கொண்டே நடப்பது. விரட்டினால் பன்றி கிடைத்த சந்தில் திரும்பி, விரட்டுகிறவரின் கால்களுக்கு நடுவே ஓடிவிடும். மணிகளைக் காட்டினால் பின்னாலேயே வரும். அளவில்தான் வேலை இருக்கிறது. சில அடிக்கு ஒருமுறை நாலைந்து மணி போதும்; கை நிறையப் போட்டால் அங்கேயே நின்று தின்னும், பின்னால் வரும் பன்றிகளும் அங்கேயே முட்டிக்கொள்ளும். தீனி வைத்த பிறகு தொடங்கினால் பயனில்லை, வைப்பதற்கு முன் தொடங்க வேண்டும். கடைசிப் பெரிய கைப்பிடியை வாசலில் போடக் கூடாது. தொழுவத்தின் எதிர்ச்சுவர் ஓரம் போட வேண்டும். வாசலில் போட்டால் முதல் இரண்டு பன்றிகள் வழியை அடைத்து நிற்கும். மற்றவை சலித்துத் திரும்பிவிடும்.

கடலில் இதே வேலைக்குப் பெயர் டோல் பெய்ட். 19ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்துக் கரையிலிருந்து போன கானாங்கெளுத்திப் படகுகளில் கொக்கியில் கோக்கும் இரை வேறு, தண்ணீரில் இறைக்கும் இரை வேறு. இறைப்பதுதான் டோல். மென்ஹேடன் போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மீனைக் கைச்சக்கரம் வைத்த அரவைப் பெட்டியில் கூழாக்கி, கடல்நீர் கலந்து, அகப்பையால் வீசுவார்கள். எண்ணெயும் துணுக்குகளும் பரவி, ஆழத்தில் கிடக்கும் கூட்டத்தை மேலே கொண்டுவரும். எந்தப் பக்கம் வீசுவது என்பது முக்கியம். பாயை அடக்கி நிறுத்திய படகு காற்றோடு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். காற்று வரும் பக்கம் வீசினால் கூழ் அந்தப் பக்கமே மிதந்து நிற்கும், மீனும் அங்கேயே மேலே வரும், தூண்டிலும் அங்கேயே இறங்கும். எதிர்ப்பக்கம் வீசினால் படகு தன் கூழின் மேலேயே ஏறிப் போய்விடும். அளவிலும் பன்றிக் கதைதான்: அதிகம் போட்டால் மீனின் வயிறு நிறைந்து கொக்கியைத் திரும்பிப் பார்க்காது, கையை நிறுத்தினால் கூட்டம் கலைந்து கீழே போய்விடும். சுருக்குவலை வந்த பிறகு இந்தத் தூண்டில் முறையே பெரும்பாலும் ஒழிந்தது. இன்றைய மீனவர் ‘சம்’ என்று சொல்வது இதே இறைப்பைத்தான்.

ஆனால் டோலின் முழு அழகும் தெரிவது வாத்திடம். ஒரு வினோதமான நடத்தை இதற்கு அடிப்படை. கரையோரம் நரி ஒன்று குதித்து விளையாடினால், தண்ணீரில் பாதுகாப்பாக இருக்கும் வாத்துகள் விலகிப் போவதில்லை, நெருங்கி வருகின்றன. பகைவனைக் கண்ணில் வைத்துக்கொள்வது, தெரியாமல் பின்னால் வரவிடுவதைவிட நல்லது. பூனையைக் கண்ட காக்கைகள் கூட்டம் கூட்டிக் கத்திக்கொண்டு பின்தொடர்வதும் இந்த வகைதான். இன்றைய கனடாவின் கிழக்கே இருந்த பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதியான அகேடியாவின் கரையில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் நிக்கோலா தெனி 1672இல் வெளியிட்ட வர்ணனையில் நரி இப்படி வாத்துகளை இழுப்பதையும், அதே வேலைக்கு நாயைப் பழக்குவதையும் குறித்திருக்கிறார். பின்னாளில் அந்தப் பகுதியில், நோவா ஸ்கோஷியாவின் யார்மத் வட்டாரத்தில், இதற்கென்றே ஒரு இனம் உருவானது. முதலில் ‘லிட்டில் ரிவர் டக் டாக்’ என்று அழைக்கப்பட்டது. கனடிய கென்னல் கிளப் 1945இல் அங்கீகரித்தபோது ‘நோவா ஸ்கோஷியா டக் டோலிங் ரிட்ரீவர்’ என்று நீண்ட பெயர் பெற்றது. வளர்ப்பவர்கள் ‘டோலர்’ என்று முடித்துக்கொள்கிறார்கள். ஆண் நாய் 48 முதல் 51 சென்டிமீட்டர் உயரம், 20 முதல் 23 கிலோ. நரிச் செம்பழுப்பு நிறம், வாலில் சடைமுடி, வால் நுனியிலும் மார்பிலும் பாதங்களிலும் வெள்ளை. குளிர்நீர் தாங்கும் இரட்டை மயிர்.

வேலை நடக்கும் விதத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். வாத்துக் கூட்டம் துப்பாக்கி எட்டாத தொலைவில் மிதக்கிறது. வேட்டைக்காரர் கரையில் நாணலும் தழையும் சேர்த்த மறைப்புக்குள் குந்தியிருக்கிறார். ஒரு பந்தையோ சிறு குச்சியையோ மறைப்புக்கு வெளியே, கரைக்கு இணையாக எறிகிறார். நாய் பாய்ந்து ஓடுகிறது, வாலை ஆட்டிக்கொண்டு கவ்வுகிறது, திரும்பி மறைப்புக்குள் மறைகிறது. உடனே அடுத்த எறிவு, இந்த முறை மறுபக்கம். தோன்றுவது, மறைவது, தோன்றுவது: இந்த விட்டு விட்டுத் தெரிவதில்தான் இழுப்பே இருக்கிறது. ஓயாமல் கண்ணில் படும் நாய் சிறிது நேரத்தில் பழகிப்போய்விடும். மறைந்த நாய் எங்கே போனது என்று பார்க்கத்தான் வாத்து கழுத்தை நீட்டும். சில நாளில் பத்து எறிவுக்குள் கூட்டம் திரும்பும். சில நாளில் ஐம்பது எறிந்தாலும் அசையாது. வாத்துகள் எட்டும் தூரத்துக்கு வந்ததும் நாயை உள்ளே அழைத்துக்கொண்டு வேட்டைக்காரர் எழுந்து நிற்கிறார். வாத்துகள் பறக்க எழும்பும்போதுதான் சுடுகிறார். விழுந்ததை எடுத்துவரப் போவதும் அதே நாய்.

கெடுவதற்கு வழிகள் நிறைய. எறிந்தது தண்ணீரில் ‘தொப்’ என்று விழுந்தால் நாய் நீந்த ஆரம்பிக்கும். நீந்தி நேரே வரும் நாய் வேடிக்கை அல்ல, ஆபத்து. நாய் நின்று வாத்துகளை உற்றுப் பார்த்தால் அவை அப்படியே நின்றுவிடும். பதுங்கும் விலங்கின் பார்வை அவற்றுக்குத் தெரியும். தன் விளையாட்டைத் தவிர வேறெதுவும் தெரியாதது போல் நாய் இருக்க வேண்டும். மறைப்பின் இடுக்கில் வேட்டைக்காரரின் முகம் வெள்ளையாகத் தெரிந்தால் முடிந்தது. குரைத்தாலும் முடிந்தது. இந்த இனத்தின் தலைவலி அங்கேதான் இருக்கிறது: உற்சாகம் எல்லை மீறும்போது டோலர்கள் எழுப்பும் உச்சக் கீச்சுக்கு ‘டோலர் ஸ்க்ரீம்’ என்றே பெயர் உண்டு. ஊமை நாடகத்துக்கு அமர்த்திய நடிகருக்கு வீல் என்று கத்தும் பழக்கம் இருப்பது போலத்தான். அதனால் பயிற்சியில் ஓட்டத்தைவிட, அடுத்த எறிவுவரை வாயை மூடிக் காத்திருக்கக் கற்றுக்கொடுப்பதே பெரிய பாடம்.

துப்பாக்கியே இல்லாமல் இதைச் செய்தவர்கள் டச்சுக்காரர்கள். பொறிக்கு வரவழைக்கும் போலியைச் சொல்லும் ‘டிகாய்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதி, கூண்டைக் குறிக்கும் டச்சுச் சொல்லான ‘கோய்’தான். அவர்களுடைய வாத்துப் பொறி ஒரு சிறு குளம். அதன் மூலைகளிலிருந்து வளைந்து போகும், மேலே வலை போர்த்திய வாய்க்கால்கள். வாய் அகலமாக இருக்கும், போகப் போகக் குறுகி, கடைசியில் கழற்றி எடுக்கும் ஒரு பை வலையில் முடியும். வாய்க்காலின் வெளிப்புறம் நாணல் தட்டிகள் சாய்வாக, ஒன்றன் விளிம்பை ஒன்று மறைத்தபடி நிற்கும். தட்டிகளுக்கு இடையே நாய் தாண்டும் அளவுக்குத் தாழ்ந்த ஒரு இடைவெளி. நாய் ஒரு தட்டியைச் சுற்றி வந்து மறையும், அடுத்த தட்டியில் மீண்டும் தோன்றும். அதைப் பார்த்துக்கொண்டே வாத்துகள் வாய்க்காலுக்குள் நீந்தி வரும்.

வளைவும் சாய்வும் அழகுக்காக வைத்தவை அல்ல. வாத்துகள் உள்ளே வந்த பிறகு பொறிக்காரர் பின்னால், வாய்ப்பக்கம் போய்த் தன்னைக் காட்டுவார். வாய்க்காலுக்குள் இருக்கும் வாத்துகளுக்கு மட்டும் அவர் தெரிவார். வளைவும் தட்டியும் மறைப்பதால் குளத்தில் மிச்சமிருக்கும் வாத்துகளுக்கு எதுவும் தெரியாது. அவை கலையாமல் இருந்தால்தான் நாளைக்கும் தொழில். வாத்து காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், அதனால் காற்று எந்தத் திசையில் அடிக்கிறதோ அதற்கேற்ற வாய்க்காலை அன்றைக்குத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரே வாய்க்கால் மட்டும் இருந்தால் வருடத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும். இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரின் போர்ஸ்டாலில் இப்படிப்பட்ட பழைய பொறி ஒன்று இன்றும் காப்பாற்றப்பட்டு இருக்கிறது.

டோலையும் டிகாயையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. டிகாய் இடத்தின் பெயரில் தொடங்கி, ஏமாற்றும் பொருளுக்குப் போய், மரவாத்துக்கும் பெயரானது. டோல் எப்போதும் செயல். தமிழில் டிகாய்க்குக் கச்சிதமான பழைய சொல் உண்டு, அது ‘பார்வை’. காட்டு மானைப் பிடிக்கக் கட்டிவைத்த பழகிய மானையும் பறவையைப் பிடிக்க வைத்த பறவையையும் சங்க நூல்கள் பார்வை என்றே சொல்கின்றன. டிகாய்க்குப் ‘போலி’ என்று எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லைத் தூசி தட்டி எடுத்தால் நன்றாயிருக்கும்.

இனி மணி. 15ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ‘டோல்’ மணியோசைக்கும் வருகிறது. இழு என்ற அதே வேரிலிருந்து வந்திருக்கலாம் என்பதே அகராதிக்காரர்களின் பொதுவான கருத்து. கயிற்றை இழுப்பதாலா, மக்களைக் கோவிலுக்கு இழுப்பதாலா என்பதில் இரண்டு பேச்சு உண்டு. எப்படியானாலும் டோல் என்பது எந்த மணியடிப்பும் அல்ல. மெதுவாக, ஒற்றை ஒற்றையாக, சம இடைவெளியில் விழும் அடிதான் டோல். கல்யாண மணியை யாரும் டோல் செய்வதில்லை.

ஆங்கிலேய மணிக்கூண்டுகளில் வழக்கமான மணியடிப்பில் மணி வாய் மேல்நோக்கி நிறுத்தப்பட்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் முழு வட்டம் சுழலும். டோலுக்கு மணியைக் கீழே தொங்கவிட்டு, நாக்கு ஒரு பக்கம் மட்டும் தொடும் அளவுக்குச் சிறிதாக ஆட்டுவார்கள். கை கொஞ்சம் அதிகமானால் நாக்கு மறுபக்கமும் மோதி இரட்டை ஓசை வந்துவிடும், துக்கத்தின் நிதானம் போய்விடும். சோம்பேறி வழி ஒன்று உண்டு: மணியை அசைக்காமல் நாக்கில் கயிறு கட்டி இழுப்பது. இப்படி அடித்தே விரிசல் விட்ட பழைய மணிகள் நிறைய. ஆடும் மணியில் நாக்கு பட்டவுடன் விலகிவிடும். கயிற்றால் இழுத்த நாக்கு அதிரும் உலோகத்தின் மேல் அழுந்தி நிற்கும், அதுவும் ஒரே இடத்தில், மறுபடி மறுபடி. துக்க நாளில் மணியை முழு வட்டமாகச் சுழற்றி அடிக்கும்போது நாக்கின் ஒரு பக்கம் தோல் கட்டுவதும் வழக்கம். அப்போது ஓர் அடி தெளிவாகவும் அடுத்த அடி அதன் எதிரொலி போல மங்கலாகவும் கேட்கும்.

இறந்தவர் யார் என்பதையும் டோல் சொல்லும். பல ஊர்க்கோவில்களில் ஆணுக்கு மும்மூன்றாக மூன்று முறை, பெண்ணுக்கு இரண்டிரண்டாக மூன்று முறை அடித்து, பிறகு வயதுக்கு ஓர் அடி வீதம் போடுவார்கள். எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். வயலில் நிற்பவர் எண்ணிப் பார்த்தே யாராக இருக்கும் என்று ஊகித்துவிடுவார். மொழிபெயர்க்கும்போது ‘மணி ஒலித்தது’ என்று விட்டுவிட்டால் இவ்வளவும் போய்விடும். ‘மணி ஒவ்வோர் அடியாக விழுந்தது’ என்பது நெருங்கி வருகிறது. ‘சாவு மணி’ என்பதை அப்படியே போடலாம், ஆனால் தமிழில் அது அரசியல் மேடையில் அடித்து அடித்தே தேய்ந்துபோன சொல்.

சுங்கம் வாங்கும் டோலுக்கும் இதுவரை சொன்னதற்கும் உறவே இல்லை. அது கிரேக்கத்தில் வரியைக் குறிக்கும் ‘தெலோஸ்’ என்பதிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. ஜெர்மனின் ‘ட்ஸோல்’ அதன் உடன்பிறப்பு. அரைக்கக் கொடுத்த தானியத்தில் ஒரு பங்கை ஆலைக்காரர் கூலியாக எடுத்துக்கொண்டதும் இந்த டோல்தான். அதன் வாரிசு இன்று உலோகத் தொழிலில் இருக்கிறது. ‘டோலிங் ஒப்பந்தம்’ என்று பார்த்தால் சுங்கமென்று எழுத வேண்டாம்: தாது ஒருவருடையது, உருக்காலை இன்னொருவருடையது, உலோகமும் தாதுக்காரருக்கே, ஆலைக்குக் கூலி மட்டும். ‘கூலிக்குப் பதப்படுத்தல்’ என்றால் சரியாக இருக்கும். சாவு எண்ணிக்கையைச் சொல்லும் ‘டெத் டோல்’ மணியிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் வரி டோல்தான், உயிர்களை வரியாகப் பிடுங்குவது என்ற பொருளில்.

சட்டத்தில் வருவது மூன்றாவது வேர்: லத்தீனின் ‘டொல்லெரே’, தூக்கு, அகற்று. பழைய நிலச் சட்டத்தில் ஓர் உரிமையை டோல் செய்தால் அந்த உரிமை போயே போய்விடும். இன்று அமெரிக்க வழக்குகளில் காலவரம்பை டோல் செய்தால் கடிகாரம் நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து ஓடும். 3 வருடக் கெடுவில் 14 மாதம் கழிந்தபின் 6 மாதம் டோல் ஆனால், அதற்குப் பிறகு முழு 22 மாதம் மிச்சம். இந்தச் சொல்லின் பொருளே உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. மாநிலச் சட்டத்தின் கீழ் எழும் கோரிக்கை கூட்டாட்சி நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் காலமும், தள்ளுபடியான பின் 30 நாளும் கெடு ‘டோல்’ ஆகும் என்கிறது ஒரு சட்டப்பிரிவு. தள்ளுபடிக்குப் பின் 59 நாள் கழித்து ஒருவர் மாநில நீதிமன்றத்துக்குப் போனார். டோல் என்றால் கடிகாரம் நிற்கும் என்றால் அவருக்கு இன்னும் நிறைய நாள் பாக்கி; வெறும் 30 நாள் சலுகை என்றால் வழக்கு காலாவதி. 2018இல் 5க்கு 4 என்ற கணக்கில் கடிகாரம் நிற்கும் என்று தீர்ப்பானது. தமிழில் ‘காலவரம்பு ரத்து’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். ‘காலவரம்பு ஓட்டம் நிறுத்திவைப்பு’ என்பது நீளம்தான், ஆனால் தவறில்லை.

நோய் எதிர்ப்பியலில் வரும் ‘டோல்’ ஏற்பியைப் பார்த்து யாரும் வேர் தேட வேண்டாம். அது ஜெர்மானியர் வியந்து சொல்லும் ‘டொல்’, அதாவது ‘அபாரம்’. பழ ஈயின் கருவில் அந்த மரபணுவின் விளைவைக் கண்ட ஆய்வகத்தில் எழுந்த வியப்பே பெயராகிவிட்டது. பழம்பொருள் கடைகளில் வண்ணம் தீட்டிய தகரத் தட்டுகளுக்குச் சொல்லும் ‘டோல்’ பிரெஞ்சு. இரும்புத் தகடு என்று பொருள்.

பழைய அமெரிக்கக் கதைகளைப் படிக்கிறவர்களுக்கு இன்னொரு குழி காத்திருக்கிறது. ‘இ’யில் முடியும் வடிவம் உரையாடலுக்குள் வந்தால், பத்தில் ஒன்பது முறை அது ஆசை காட்டுவது அல்ல. ‘டோல்ட்’ என்பதன் கடைசி எழுத்தை விழுங்கிப் பேசுவதை அப்படியே எழுதிக் காட்டியிருப்பார்கள்: ‘சொன்னேன்ல?’ என்பதுதான் பொருள். பக்கத்தில் பன்றியோ வாத்தோ மீனோ இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்மானிப்பது நல்லது.